தானாகப் பிடிக்கும் பிரேக்குக்கு என்ன பெயர்? (கலைச்சொல் இழை)

கொழிஞ்சாம்பாறை, ஓட்டுநர் பயிற்சியாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பயிற்சி வகுப்புக்கான தமிழ்க் கையேடு வருகிற திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலக்காட்டின் கிழக்கோரமான எங்கள் ஊரில் தமிழ் படித்த பிள்ளைகளும் மலையாளம் படித்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். குறுக்கே வண்டியோ ஆளோ வந்து, ஓட்டுபவர் கால் வைக்கத் தவறினால், கார் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘தானியங்கி அவசர நிறுத்தம்’ என்று எழுதியிருந்தேன். “பஸ் நிற்கிற இடமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்தது. தயவுசெய்து உதவுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புடையீர், ‘தானியங்கி’ என்பது கருவியைக் குறிக்கும் பெயர். அதை அடைமொழியாக்கும் வழக்கம் நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது என்றாலும், ‘தானியங்கு’ என்று வினைத்தொகையாக நிறுத்துவதே முறை. ‘அவசரம்’ வடசொல், அங்கே அதற்குத் தறுவாய், வாய்ப்பு என்று பொருளே தவிர நாம் கொள்ளும் பொருள் இல்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உமணர்கள் தம் உப்பு வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் பாடுகிறார். அதன் பெயர் ‘சேம அச்சு’. முதல் அச்சு முறிந்தாலன்றி அதற்கு வேலை இல்லை. ஓட்டுநர் தவறினாலன்றி இந்தக் கருவிக்கும் வேலை இல்லை. ஆகவே ‘தானியங்கு சேமத்தடை’ என முன்மொழிகிறேன்.

சித்தூர் (பாலக்காடு), பள்ளி ஆசிரியை:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ‘அவசரம்’ வடசொல் என்று வெளியே அனுப்பிவிட்டு, ‘க்ஷேமம்’ என்பதை ‘சேமம்’ ஆக்கி உள்ளே அழைப்பது எந்த நியாயம் என்று தெரியவில்லை. எழுத்தை மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார் என்றால், அந்தச் சலுகை ‘அவசரத்துக்கும்’ உண்டு அல்லவா? அதைவிடப் பெரிய சிக்கல் ‘தடை’யில் இருக்கிறது. ‘வேகத்தடை’ என்றால் சாலையில் போட்டிருக்கும் மேடு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சேமத்தடை என்றால் அதற்குத் தம்பி என்று நினைப்பார்கள்.

கோவை, பேராசிரியர்:

சேமித்தல் என்னும் தமிழ் வினையிலிருந்து சேமம் பிறந்ததாகக் கொள்ளவும் இடமுண்டு. விரிவாக நாளை எழுதுகிறேன். தடை பிடிக்கவில்லையென்றால் தேருக்கு இடும் ‘முட்டுக்கட்டை’ இருக்கிறது. சக்கரத்தை நிறுத்தும் கருவிக்குத் தமிழர் இட்ட பழம்பெயர் அது.

வேலந்தாவளம், சரக்கு வண்டி உரிமையாளர்:

முட்டுக்கட்டை என்று எழுதினால் காரை வாங்கியவன் அதைக் கழற்றி வைத்துவிடுவான், ஐயா. எல்லைக்கு இந்தப் பக்கம் அவசரத்துக்கு மலையாளத்தில் ‘அடியந்திரம்’ என்று சொல்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

சித்தூர், ஆசிரியை:

வேண்டாம், அண்ணா. இங்கே பதினாறாம் நாள் சடங்குக்கும் அதுவே பெயர். பிரேக்குக்கு அந்தப் பெயரை வைத்தால் வகுப்பில் சிரிப்பு அடங்காது.

பொள்ளாச்சி, வாகனப் பொறியாளர்:

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எந்தச் சொல்லானாலும் அது கருவி செய்யாத ஒன்றைச் செய்வதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் கவலை. ‘நிறுத்தி’, ‘நிறுத்தம்’, ‘காப்பான்’ எல்லாமே அப்படி வாக்குக் கொடுக்கின்றன.

கார்களில் பெரும்பாலும் முன்பம்பர் பக்கம் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் ரேடாரும், முன்கண்ணாடிக்குப் பின்னால் பின்நோக்கு ஆடியருகே ஒரு கேமராவும் இருக்கும். சில கார்களில் இரண்டில் ஒன்று மட்டும் இருக்கும். முன்னாலிருப்பதன் தொலைவை, நாம் அதை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மோத எத்தனை வினாடி மிச்சம் என்று கிடைக்கும். அது குறையக் குறைய முதலில் எச்சரிக்கை ஒலிக்கும். பிறகு பிரேக் குழாயில் அழுத்தம் தயாராகும். கடைசியில்தான் முழு பிரேக் விழும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்தாலோ ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாலோ, அவர் தெரிந்தே செய்கிறார் என்று எண்ணிக் கருவி பெரும்பாலும் விலகிக்கொள்ளும். காரணமில்லாமல் நடுச்சாலையில் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லாரி நம் மேல் ஏறிவிடும் என்பதால், அது கடைசி நொடிவரை பொறுத்தே பார்க்கிறது. அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு.

கணக்கைப் பாருங்கள். மோத 1.2 வினாடி இருக்கும்போது முழு பிரேக் விழுவதாகவும், காய்ந்த தார்ச்சாலையில் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் போனால், நிற்கும் லாரிக்கு மயிரிழை முன்னால் கார் நின்றுவிடும். அதே கார் 100 கி.மீ. வேகத்தில் போனால் ஏறக்குறைய 63 கி.மீ. வேகத்தில் மோதும். மழையில் பிடிப்புக் குறைந்து அந்த 7 மீட்டர் 4 ஆனால், 60 கி.மீ. வேகத்திலேயே சுமார் 39இல் மோதும். அந்த 63இல் கூட மோதலின் ஆற்றல் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கும்; உயிர் பிழைப்பது பல சமயம் அந்த வித்தியாசத்தில்தான். ஆனால் அதை ‘நிறுத்தம்’ என்று எப்படிச் சொல்வது?

2008இல் வோல்வோ எக்ஸ்சி60 காரில் வந்தது லேசர் வழி பார்க்கும் ஏற்பாடு, 30 கி.மீ.க்குள் மட்டுமே வேலை செய்தது, வேக வித்தியாசம் 15 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால்தான் மோதலை அறவே தவிர்க்கும் என்றார்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்ற நிலை வந்த பிறகும் இயற்பியல் மாறவில்லை.

நம் சாலையையும் பாருங்கள். மாலையில் வாளையாறு தாண்டி மேற்கே ஓட்டினால் வெயில் நேரே கேமராவின் கண்ணில் விழும். கஞ்சிக்கோட்டில் விளக்கில்லாமல் ஓரம் கட்டிய லாரி, ரேடாருக்குப் பாலம், பெயர்ப்பலகை போன்றவற்றோடு சேர்ந்த இன்னொரு அசையாப் பொருள். கேமராவும் உறுதி சொன்னால்தான் அதை நம்பும் வகையில் பல ஏற்பாடுகள் அமைந்திருக்கின்றன. ரேடார்மேல் சேறு அப்பினாலோ, பம்பரைச் சரிசெய்த கடையில் அதன் கோணத்தைத் திரும்பப் பார்க்காமல் விட்டாலோ, பார்வையே பிசகும். யானைக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் துள்ளும் கங்காருவின் தொலைவைக் கணிக்க ஒரு காரின் கருவி திணறிய செய்தி வந்தது. தரையை வைத்துத் தொலைவு கணக்கிட்ட அதற்கு, அந்தரத்தில் இருக்கும் கங்காரு எட்டத்தில் இருப்பதாகத் தோன்றியதாம்.

ஆகவே ‘தானியங்கு மோதல் தணிப்பு பிரேக்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

கொழிஞ்சாம்பாறை, பயிற்சியாளர்:

தம்பி சொன்னது அத்தனையும் கையேட்டில் வரவேண்டியவை. கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தணிப்பு’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தணிவதுதான் நினைவுக்கு வரும். ‘சடன் பிரேக்’ எல்லோருக்கும் தெரியும். நேற்றிரவு தனிமடலில் கேட்டதில் பெரும்பாலோர், சிலர் அலுப்போடும், ‘தானியங்கு அவசர பிரேக்’ என்றே சொல்லிவிட்டார்கள். அதையே போட்டு, அதன் கீழே “இது காரை நிறுத்திவிடும் என்று உறுதி இல்லை, மோதும் வேகத்தை மட்டும் குறைக்கக்கூடும்” என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

பொள்ளாச்சி, பொறியாளர்:

வரி இருந்தால் போதும், அண்ணா. இரண்டாம் பதிப்பிலாவது ‘தணிப்பு’ வரட்டும்.

கோவை, பேராசிரியர்:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஏற்கவும் இல்லை. ‘அவசர பிரேக்’ என்பதில் ஒற்று மிகாமல் விட்டது எதனால் என்று விளக்கவேண்டும். மிகுத்து ‘அவசரப் பிரேக்’ என்று எழுதினால் வாசிப்பவர் வல்லொலியோடு சொல்லி, சொல்லே மாறிப்போகும். விட்டால் இலக்கணம் போகும். வேற்றுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதன் இடைஞ்சல் இதுதான். சேமம் பற்றிய என் விரிவான மடல் தயாராகிக்கொண்டிருக்கிறது.