புதுப்பிப்பு: அப்பாவின் கெண்டைக்கால் வலி

புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலை வரை நடந்தாலே அப்பாவுக்கு இடது கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகுகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. பழைய தொடை எலும்பு முறிவு கூடியபோது இடது கால் குட்டையாகிவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப் வைத்து அளந்தார். அப்புறம் இடது பாதத்துக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு இருபுறமும் சமமாகும் வரை பார்த்தார். ஒன்றரை சென்டிமீட்டர்.

குட்டைக் கால் தரையை எட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் ஊன்றுகிறது. கெண்டைத் தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. நீளமான கால் சும்மா இருக்கிறதா? முட்டியை மடக்கித் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த மடக்கைத் தாங்குவது முன்தொடைத் தசை. வலது தொடை கனக்கிறது என்று அப்பா தனியாகப் புலம்பியதற்கும் இதுதான் காரணமாம்.

சில மில்லிமீட்டர் வித்தியாசம் நிறைய பேருக்கு உண்டு, அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அப்பாவுக்கும் முழுதாக ஈடுகட்டாமல், முதலில் ஷூவுக்குள் அரை சென்டிமீட்டர் குதிகால் பட்டைதான். இந்த வெயிலில் ஷூவா என்று முனகுகிறார். முன்பு கேட்டபோது, தசை இறுக்கத்துக்கு வாழைப்பழம் சாப்பிடச் சொன்னவர்களுக்கு நன்றி, அதுவும் நடக்கிறது.