விடுமுறைப் பயணத்தில் உணவுத் திட்டத்தைக் காப்பது எப்படி?

கேள்வி:
சர்க்கரையையும் பொரித்த உணவுகளையும் குறைத்து, சில மாதங்களாக ஒழுங்காகச் சாப்பிட்டு வரும் நான், அடுத்த வாரம் குடும்பத்துடன் விடுமுறைக்குச் செல்கிறேன். மூன்று வேளையும் வெளியில்தான் உண்ண வேண்டியிருக்கும் நிலையில், மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்காமல் திட்டத்தைத் தொடர வழியுண்டா?

மறுமொழி 1:
எல்லா வேளைகளையும் கட்டுப்படுத்த முயலாதீர்கள். காலை உணவு பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பதால், அதில் புரதமும் நார்ச்சத்தும் மிகுந்தவற்றைத் தேர்ந்தெடுத்தால் பசி நெடுநேரம் அடங்கியிருக்கும். பிறகு ஒரு வேளையை விரும்பியபடி உண்ணலாம். இரவு விருந்தை எண்ணிப் பகலில் பட்டினி கிடப்பது மட்டும் வேண்டாம், அதுவே அளவை மீறச் செய்யும்.

மறுமொழி 2:
பானங்களையும் கவனியுங்கள்; இனிப்புப் பானங்களும் மதுவும் உணவைப் போலவே ஆற்றலைச் (கலோரியை) சேர்ப்பவை. ஒரு கிராம் சர்க்கரையில் சுமார் 4 கிலோகலோரியும் மதுவிலுள்ள ஆல்கஹால் ஒரு கிராமில் சுமார் 7 கிலோகலோரியும் உள்ளன.

மறுமொழி 3:
திரும்பியவுடன் எடை பார்த்து மனம் தளர வேண்டாம் (நானாக இருந்தால் ஒரு வாரம் எடைக்கருவியின் பக்கமே போகமாட்டேன்). உடல் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைப்பதாலும், உப்பு மிகுந்த வெளியுணவு மேலும் நீரைத் தேக்குவதாலும், திடீரென ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இருப்பதில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால், உணவு நேரங்களை மாற்றும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.