பழைய வீட்டு வயரிங்கை இன்றைய விதிப்படி மாற்றியே ஆக வேண்டுமா?

கொசப்பேட்டைவாசி:
வேலூர் கொசப்பேட்டையில் அப்பா 1978-ல் கட்டிய வீடு. மரப்பட்டையில் கிளிப் அடித்த வயரிங், பீங்கான் பியூஸ் கட்டை, பாதி போர்டுகளில் இரண்டு துளை பிளக்தான். மாடி அறைக்கு ஒன்றரை டன் ஏசி மாட்ட வந்தவர், எர்த் இல்லை என்று திரும்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ "அந்தக் காலத்து வீட்டுக்கு அந்தக் கால விதிதான்" என்கிறார். உண்மையா? மொத்தத்தையும் மாற்ற இப்போது பணமில்லை. இன்னொன்று, ஃபிரிட்ஜைத் தொட்டால் அம்மாவுக்கு லேசாக ஷாக் அடிக்கிறது.

காட்பாடி வயர்மேன்:
தம்பி, முதலில் மெயினை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்கள். சரிபார்க்கும் வரை அம்மா அதைத் தொடவே கூடாது.

விதிக்கு வருகிறேன். இரும்பு உடல் உள்ள சாதனத்துக்கு எர்த் வேண்டும் என்று 1956 இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. எனவே பழைய வீடு என்பது காரணமாகாது. இப்போது நடப்பில் இருப்பவை மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள். வயரிங் பழசு என்பதற்காகச் சுவரை உடைக்கச் சொல்லி யாரும் வந்து நிற்பதில்லை. ஆனால் மீட்டரைத் தாண்டிய வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. புதிதாக இழுக்கும் ஏசி லைன் இன்றைய தரத்தில்தான் இருக்க வேண்டும்: தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 4 சதுர மி.மீ. செம்பு வயர், கூடவே பச்சை எர்த் வயர். பழைய அலுமினிய வயரோடு செம்பை முறுக்கி இணைக்க விடாதீர்கள், அந்த ஜாயின்ட் சூடாகி எரியும். லோடு கூடுவதால் ஈபியிலும் விண்ணப்பியுங்கள்.

சத்துவாச்சாரி அக்கா:
எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். காசு குறைவென்றால் எர்த்துக்கும் இதற்கும் முதலில் செலவழியுங்கள்.

கொசப்பேட்டைவாசி:
நன்றி அக்கா. எர்த் போடாமல் ஆர்சிசிபி மட்டும் மாட்டினால் போதாதா?

காட்பாடி வயர்மேன்:
வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, மின்சாரம் அவர் உடம்பு வழியே போனால்தான் டிரிப் ஆகும். அதனால் இரண்டும் வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) இருக்கும், அல்லது நியூட்ரலை எர்த்தாகக் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகும். அப்போது அதைக் கழற்றி எறியாமல் அந்த இணைப்பைத் திருத்தச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரிடம் 500 வோல்ட் மெகர் சோதனையும் (வயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை மட்டும் முதலில் மாற்றினால் போதும், மற்றதைப் பணம் வரும்போது பார்க்கலாம்.

சத்துவாச்சாரி அக்கா:
எர்த் பைப் இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும். பங்குனி, சித்திரையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.