டிராம்சோவில் அரோரா: கண்ணில் சாம்பல், கேமராவில் பச்சை

அரோரா, அதாவது துருவப் பக்கத்து இரவு வானில் தெரியும் வண்ண ஒளி, அதைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் பார்க்கிற அந்தப் பச்சை, பாதி நேரம் கண்ணுக்கு அப்படித் தெரியாது. நார்வேயின் டிராம்சோவுக்கு வெளியே, ஊர் வெளிச்சம் எட்டாத ஒரு கடலோரத்தில் நின்றோம். மலைக்கு மேலே வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. "மேகம்தான் சார், வண்டிக்குள்ள போயிடலாம்" என்றார் கூட வந்தவர். வேன் ஓட்டி வந்தவர் சிரித்துக்கொண்டே போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். பச்சைப் பசேல்! மங்கல் வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைக் கோட்டை விட்டுவிடும். கேமராவோ பல வினாடி ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டை நெளிய ஆரம்பித்தது. அப்போது கேமராவே தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே பச்சை, அடி விளிம்பில் ஓடும் இளஞ்சிவப்பு. அந்த விளிம்பு நைட்ரஜன் தருவது. பச்சை, சுமார் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தருவது. அதே ஆக்சிஜன் 200 கி.மீ.க்கு மேலே சிவப்பைத் தரும். சிவப்பை உமிழ அணுவுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். கீழே காற்று அடர்த்தி, அதற்குள் வேறொன்று வந்து மோதி ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் சிவப்பு எப்போதும் உச்சியில்.

படம் எடுக்க ட்ரைபாட் கட்டாயம். அகலக் கோண லென்ஸ், அதன் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. அரோரா அசையாமல் கிடந்தால் ஷட்டரை 10 வினாடி திறந்து வைக்கலாம். ஆட ஆரம்பித்ததும் 2 வினாடிக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் கரைந்து வெறும் பச்சைப் புகைதான் மிஞ்சும். ஆட்டோஃபோகஸ் அங்கே உதவாது. திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை கையால் திருப்ப வேண்டும். உபரி பேட்டரி குளிர் படாமல் சட்டைக்குள் இருக்கட்டும். அறைக்குத் திரும்புமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும்.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் கே.பி. எண்ணையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில் டிராம்சோவில் அது இரண்டாம் பட்சம். துருவத்தைச் சுற்றி அரோரா அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே ஊர் இருப்பதால் கே.பி. 2 வந்தாலே போதும். மேகம் விலகுமா என்பதுதான் கேள்வி. அதற்கடுத்து பி.இசட். சூரியக்காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டம், சுமந்து வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்கு அளவு அது. அந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றல் உள்ளே இறங்கும். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் விண்கலங்கள் இதை அளந்து அனுப்புவதால், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்துவிடும்.

இந்தியாவிலேயே பார்க்க முடியாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் சூரியன் கிளப்பிய காந்தப் பெரும்புயலின்போது லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கேமராக்களில் பதிவானது, ஆனால் சிவப்பு மட்டும். அவ்வளவு தெற்கிலிருந்து பார்த்தால் பச்சை அடுக்கு பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். உச்சிப் பகுதிதான் எட்டிப் பார்க்கும். அந்த அளவு புயல் அதற்குமுன் வந்தது 2003 அக்டோபரில். எனவே ஹன்லேயை நம்பி லீவு போடாதீர்கள்.