மறு: பிளேஜியரிசம் – 'கருத்துத் திருட்டு' போதுமா?

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கல்விநேர்மை விதிகளைச் சுருக்கிச் சொல்லும் அத்தியாயத்தில் சிக்கல். பிளேஜியரிசம், அதாவது பிறர் ஆக்கத்தைத் தனதெனக் காட்டுவது, என்பதற்குக் கருத்துத் திருட்டு, எழுத்துத் திருட்டு, இலக்கியத் திருட்டு, படைப்புத் திருட்டு, அறிவுத் திருட்டு என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். என் வரைவிலேயே மூன்று வந்துவிட்டன. விதிகளில் தண்டனை படிப்படியாக இருக்கிறது. எல்லாப் படிக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும். ஒருவர் தன் பழைய கட்டுரையையே மீண்டும் தருவதற்கும் ஒரு சொல் தேவை. அச்சுக்குப் போகும் நாள் நெருங்குகிறது, கைகொடுங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்

'கருத்துத் திருட்டு' என்பதே போதும். செய்தித்தாள்களில் நிலைத்துவிட்ட சொல். நிலைத்ததை அசைப்பது கலைச்சொல் பணி ஆகாது.

பிறர் நூலிலிருந்து எடுப்பதை நம் இலக்கணம் குற்றமாக வைக்கவில்லை. நன்னூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்தார். பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லும் 'பிறன்கோட் கூறல்', பிற நூலின் முடிவை ஏற்கும் 'பிறநூல் முடிந்தது தானுடன்படுதல்' இரண்டையும் நூல் எழுதுவதற்கான முப்பத்திரண்டு உத்திகளில் சேர்த்தார். எடுத்ததைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். அதற்குத் திருட்டு என்று பெயரிடத் தயக்கம் எதற்கு? மேலைநாட்டார் சொல்லும் இப்படிப் பிறந்ததுதான். லத்தீனில் அது ஆள்கடத்துபவனைக் குறித்த சொல். மார்ஷியல் என்ற கவிஞர், அவர் எழுதிய கவிதைகளைத் தனதென்று சொல்லிக்கொண்ட வேறொருவனை அந்தச் சொல்லால் ஏசினார்.

அனுப்புநர்: அகராதித் தொகுப்பாளர், மதுரை

> 'கருத்துத் திருட்டு' என்பதே போதும்.

ஐயா, மன்னிக்க வேண்டும், போதாது. கவிஞர் ஏசலாம். பல்கலைக்கழகம் ஏச முடியாது. அது விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம்.

'கருத்து' என்ற முற்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். பிறர் ஆக்கத்தையோ கருத்தையோ எடுத்துத் தனதெனக் காட்டுவது என்றுதான் விதி வரையறுக்கிறது. அட்டவணை, வரைபடம், கணினி நிரல், ஒரு பத்தி என்று எதுவும் அதில் அடங்கும். 'கருத்து' அதில் பாதிகூட இல்லை.

பெரிய தொல்லை 'திருட்டு'. கோவை நண்பர் மொழிபெயர்க்கும் விதியையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் ஓர் ஆய்வேட்டை ஏற்கெனவே உள்ள நூல்களோடும் கட்டுரைகளோடும் ஒப்பிட்டு ஒரு விழுக்காடு தருகிறது. 10 விழுக்காடு வரை இருந்தால் சுழிய நிலை, தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை: குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதத்துக்குள், திருத்திய ஏட்டைத் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை: திருத்திய ஏட்டையே ஓராண்டுக்குத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை: பதிவு ரத்து. மீண்டும் பிடிபட்டால் அடுத்த மேல்நிலைத் தண்டனை.

இதில் 'திருட்டு' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். "10 விழுக்காடு வரையிலான கருத்துத் திருட்டுக்குத் தண்டனை கிடையாது." எந்த ஊரில் ஐயா திருட்டுக்கு இப்படி ஒரு சலுகை? மாணவர்கள் பேசிக்கொள்வதும் இப்படித்தான் ஆகிவிட்டது: "எனக்கு ஒன்பது வந்தது, தப்பித்தேன்." 300 பக்க ஏட்டில் 10 விழுக்காடு என்றால் 30 பக்கம். அந்த முப்பதும் முடிவுகளைச் சொல்லும் இயலாக இருந்து, அதை வேறொருவர் எழுதியிருந்தால், அது முழு மோசடி. ஆனால் எண்ணைப் பொறுத்தவரை சுழிய நிலை. மறுபக்கம், ஆய்வுமுறையை விளக்கும் வழக்கமான தொடர்களாலேயே 14 விழுக்காடு வாங்கிய பெண்ணை 'முதல் நிலைத் திருடி' ஆக்குகிறோம். தாங்கள் தரும் ஒப்புமை எண்ணை மட்டும் வைத்துக் குற்றத்தை முடிவுசெய்ய முடியாது என்று, இப்படி ஒப்பிடும் மென்பொருளை விற்கும் டர்னிட்டின் நிறுவனத்தாரே சொல்கிறார்கள்.

ஆகவே எண்ணுக்கு ஒரு சொல், குற்றத்துக்கு வேறு சொல் வேண்டும். எண் வெறும் ஒப்புமை, ஒப்புமை விழுக்காடு. இயந்திரம் சொல்வது அவ்வளவுதான். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

குற்றத்தை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதைப் பிற நாட்டு நடைமுறைகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் கல்வி அமைச்சராக இருந்த அனெட்டே ஷாவான் 1980இல் பெற்ற முனைவர் பட்டத்தை டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் 2013இல் பறித்தது. ஆசிரியர் குழு வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்று முடிவுகட்டி, அதன் பேரில்தான் பறித்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. பாதுகாப்பு அமைச்சர் குட்டென்பெர்க் 2011இல் பட்டத்தை இழந்து பதவியையும் விட்டதும் ஊரறிந்த கதை. பிரிட்டனில் 2010 வாக்கில் பல்கலைக்கழகங்களுக்கென்று ஒரு மாதிரித் தண்டனைப் பட்டியல் வந்தது. முதல் முறை என்றால் 100 புள்ளி, இரண்டாம் முறை 150, அதற்கு மேல் 200. எவ்வளவு எடுத்தார், எந்த ஆண்டு மாணவர், அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணில் எவ்வளவு எடை என்று தனித்தனிப் புள்ளிகள் கூடும். எடுத்ததை மறைக்க வேண்டுமென்றே சொற்களை மாற்றியிருந்தால் அதற்கும் தனிப் புள்ளி. கூட்டிய பிறகுதான் தண்டனை. எனக்கு இந்தக் கணக்குப்பிள்ளை வேலை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் நம் ஒற்றை எண்ணைவிட நூறு மடங்கு நியாயம்.

கடுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842 முதல் மாணவர்களே நடத்தும் நேர்மை முறை இருக்கிறது. நெடுங்காலம் அங்கே ஒரே தண்டனைதான்: வெளியேற்றம். ஒரு பத்தியைத் திருடினாலும் தேர்வையே திருடினாலும் ஒன்றுதான். 2022இல் மாணவர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். ஒற்றைச் சொல்லும் ஒற்றைத் தண்டனையைப் போலத்தான் வேலை செய்யும் என்பது என் அச்சம்.

இனி என் முன்மொழிவு. தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: கையாடல். எழுத்தில் என்றால் எழுத்துக் கையாடல்.

காசாளர் பெட்டியில் இருக்கும் பணத்தைப் பூட்டை உடைத்து எடுப்பதில்லை. அது அவர் கையில் முறையாகவே இருக்கிறது. கணக்கில் காட்டாமல் தன்னுடையதாக்கும்போது கையாடல் ஆகிறது. நூலும் அப்படித்தான். படிக்க உரிமை உண்டு, எடுத்துப் பயன்படுத்த உரிமை உண்டு, கணக்குக் காட்டும் கடமையும் உண்டு. அடிக்குறிப்பு என்பது அந்தக் கணக்கு. அரசு அலுவலகத்தில் கையாடல் என்றால் உடனே சிறை கிடையாது. துறை விசாரணை, பணம் மீட்பு, ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம் என்று படிகள். 2018 விதிகளிலும் ஆசிரியருக்கு அதே வாசனை. இரண்டாம் நிலையில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டாண்டுக்குப் புதிய ஆய்வு மாணவரை எடுக்க முடியாது. மூன்றாம் நிலையில் இரண்டு ஊதிய உயர்வு, மூன்றாண்டு.

இதற்குக் கீழே ஒரு படியும் வேண்டும். மேற்கோள் குறி விட்டுப்போனது, மூலத்தைச் சொல்லியும் பக்க எண் தரவில்லை, பத்தியின் தொடக்கத்தில் பெயரைச் சொல்லிவிட்டு முடிவில் மறந்தது போன்றவற்றை சான்று விடுபாடு என்று எழுதலாம். திருத்தச் சொல்ல வேண்டிய வகை. மதிப்பெண் குறைக்கலாம், மானத்தைக் குறைக்கக் கூடாது.

தன் பழைய கட்டுரையையே புதிதுபோல் தருவதற்கு 'திருட்டு' அறவே பொருந்தாது. தன் பொருளைத் தானே திருட முடியுமா? மானியக் குழுவும் 2020இல் இதைத் தனி அறிவிப்பாக வெளியிட்டது. மறைத்த மீள்பயன் என்று சொல்லிப் பார்க்கிறேன். 'மறைத்த' முக்கியம்; சொல்லிவிட்டு மீண்டும் பயன்படுத்தினால் குற்றமில்லை.

தேர்வறையில் பிட் வைப்பது, ஆள்மாறாட்டம் செய்வது ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு நம் ஊரில் சொற்களும் உண்டு, பறக்கும் படையும் உண்டு. 2018 விதிகளே பாடக் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் விலக்கிவிட்டன. அவை அந்தந்தப் பல்கலைக்கழகத் தேர்வு விதிகளின்படி நடக்கின்றன. காசு கொடுத்துப் பிறரை எழுதவைப்பது மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் அப்படி எழுதி விற்பவர்களையே குற்றவாளி ஆக்கிச் சட்டம் போட்டன. கூலி எழுத்து என்பது எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

அனுப்புநர்: கல்லூரி நூலகர், நெல்லை

மதுரை ஐயா சொன்ன 'ஒப்புமை' சரியான சொல். தினமும் அந்த அறிக்கையை அச்செடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

விதியில் 14 சொற்கள் வரை தொடர்ந்து ஒத்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம் என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 14 சரி. தமிழில் 'பல்கலைக்கழகங்களிலிருந்து' ஒரே சொல். பதினான்கு தமிழ்ச் சொற்களில் ஒரு பத்தியின் சாரமே அடங்கிவிடும். 'எழுதிவிட்டார்' என்று சேர்த்தால் ஒன்று, 'எழுதி விட்டார்' என்று பிரித்தால் இரண்டு. ஆக, இடைவெளி விடும் பழக்கமே எண்ணிக்கையை மாற்றுகிறது.

அடுத்தது எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் ஏராளம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள். அதிலிருந்து நாற்பது பக்கத்தை எடுத்து ஒருங்குறியில் தட்டிக்கொண்டு வருபவரின் அறிக்கையில் அந்த நாற்பது பக்கமும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சங்கப் பாடல்களை நேர்மையாக மேற்கோள் காட்டிய பிள்ளையின் பக்கங்களோ சிவப்பும் பச்சையுமாக வரும், மேற்கோள் குறியை மென்பொருள் அறிந்துகொள்ளவில்லை என்றால். ஒவ்வொரு நிறமாகத் தொட்டு, இது குறுந்தொகை, இது நூற்பட்டியல், இது உறுதிமொழிப் பக்கம் என்று விலக்கிய பிறகு வரும் எண் வேறு. அந்த வேலையைச் செய்யாமல் முதல் எண்ணையே கடிதத்தில் ஏற்றி அனுப்பும் அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன்.

'கையாடல்' பற்றி ஒரு தயக்கம். 'கையாளல்' என்பதற்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. 'கையாளுகிறார்' என்பது "ஆய்வாளர் பிறர் கருத்துகளைக் கையாடுகிறார்" என்று தட்டச்சுப் பிழையோடு ஒரு மதிப்பீட்டறிக்கை போனால் யார் பொறுப்பு? 'சுட்டா எழுத்து' என்று வைத்தால் என்ன? சுட்டாமல் எடுத்தது என்று நேராகப் பொருள் தருகிறதே.

அனுப்புநர்: அகராதித் தொகுப்பாளர், மதுரை

நூலகர் அம்மாவுக்கு நன்றி. எழுத்துருச் செய்தி, விழுக்காட்டை நம்பும் அனைவரும் படிக்க வேண்டியது. கையேட்டிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

'சுட்டா எழுத்து' வேண்டாம் அம்மா. பேச்சுவழக்கில் சுடுவது என்றாலே திருடுவது. 'சுட்டா எழுத்து' என்றால் திருடாத எழுத்து என்று மாணவர்கள் பொருள்கொண்டு சிரிப்பார்கள்.

ஓரெழுத்து நெருக்கம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் பிழை அச்சம் நியாயமானது. ஒருவர் பெயர் கெடும் விஷயம். எனவே தனியாகக் 'கையாடல்' என்று எழுதாமல் எப்போதும் 'எழுத்துக் கையாடல்' என்றே முழுத்தொடராக எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். வினை வேண்டிய இடத்தில் 'எழுத்துக் கையாடல் செய்தார்' என்று போகட்டும், 'கையாடினார்' வேண்டாம். இன்னொன்று: விதிப்படி முதலில் விசாரிக்கும் துறைநிலைக் குழு 45 நாளில் அறிக்கை தந்து, அதன்மேல் நிறுவனக் குழுவும் தன் முடிவைச் சொல்லும் வரை எந்தக் கடிதத்திலும் இந்தச் சொல் வரக் கூடாது. அதுவரை 'ஒப்புமை குறித்த விசாரணை' மட்டுமே.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்

தீர்ப்புக்கு முன் 'திருட்டு' வரக் கூடாது என்பதை ஏற்கிறேன். தீர்ப்புக்குப் பின்னும் 'கையாடல்' என்று மெழுகுவதை ஏற்கவில்லை. அறுபது விழுக்காட்டுக்கு மேல் காப்பியடித்து எழுதியவனுக்குக் காசாளரின் மரியாதை எதற்கு? நான் திருட்டு என்றுதான் எழுதுவேன்.

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. ஒப்புமை விழுக்காடு, சான்று விடுபாடு, எழுத்துக் கையாடல், மறைத்த மீள்பயன், கூலி எழுத்து ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன். பேராசிரியர் ஐயாவின் சொல்லை, செய்தித்தாள் வழக்கு என்ற குறிப்போடு சொல்லடைவில் சேர்த்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் மீதி. பட்டம் வாங்கிய பிறகு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், நிறுவனக் குழு சொல்லும் காலத்துக்குப் பட்டத்தை 'அபேயன்ஸ்' நிலையில், அதாவது தற்காலிகமாகச் செல்லாத நிலையில், வைக்க வேண்டும் என்கிறது விதி. ரத்தும் இல்லை, பறிப்பும் இல்லை. 'நிறுத்திவைப்பு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் தேர்வு முடிவை 'நிறுத்திவைத்துள்ளனர்' என்று தினமும் செய்தியில் வருகிறதே, குழம்புமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும்.