பக்கத்தோடு ஒட்டிக்கொண்ட சாரணர் அஞ்சல்தலை: பிரிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல்தலை சேகரிப்பில் பழக்கமுள்ளவர்கள் உதவ வேண்டும்.

அப்பா சாரண ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஆல்பத்தில், அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் பொன்விழாவுக்காக 1960-இல் வெளிவந்த 4 சென்ட் தலை இருக்கிறது. ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்தது. சிறுவன் ஒருவன் மூன்று விரல்களை உயர்த்தி நிற்கிறான். முத்திரை விழாத தலை. ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் பின்பக்கப் பசை இளகிப் பக்கத்தோடு பிடித்துக்கொண்டது. மேல் ஓரத்துப் பற்கள் மட்டும் சற்றே தூக்கி நிற்கின்றன. இடுக்கியை வைக்கவே பயமாக இருக்கிறது.

தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும், ஆனால் பசையும் போய்விடும். புதுத் தலைக்குப் பசைதானே உயிர்! மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, நீர் படாமல் பிரிக்கும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் வைக்கலாம்? மை கலங்குமா? சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடையாது. அப்பா இதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. சாரணர் இயக்கத்தின் 75-ஆம் ஆண்டுக்காக 1982-இல் இந்தியா வெளியிட்ட தலை அவரிடம் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் யாரிடமாவது கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.