புதுப்பிப்பு: ஈ கட்ட இறகுதான் வேண்டுமா?

டிரவுட், கிரேலிங் மீன்களைப் பிடிக்கத் தூண்டில் கொக்கியில் கட்டும் செயற்கை ஈயை (பூச்சி போலத் தெரியும் பொய் இரை) இறகு, ரோமம் தவிர வேறு எதில் கட்டினாலும் மரபு மீறலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"சாயரின் 'கில்லர் பக்' ஈயைக் கட்டிப் பார்" என்று ஒருவர் சொன்னது நல்ல யோசனை. இங்கிலாந்தின் ஏவான் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் கிரேலிங்குக்காக உருவாக்கியது அது. கொக்கியில் செம்புக் கம்பி, அதன்மேல் சாட்விக் 477 என்ற கம்பளி நூல், அவ்வளவுதான். காலுறை ஓட்டை தைக்கிற நூல் அது! உற்பத்தி நின்றுபோன பிறகு அந்த நூல் சுற்றிய பழைய அட்டைகளுக்கு யானை விலை கொடுக்கிறார்கள். நான் மாற்று நூலில்தான் கட்டினேன். காய்ந்திருக்கும்போது வெளிறிய பழுப்பு. கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டால் நிறம் மாறி லேசான ரோஜாச் சாயல். ஆற்றில் கிரேலிங் யோசிக்காமல் கவ்வியது.

இறகுக்கு இன்னொரு மாற்றான ஃபோம் (நுரைப் பஞ்சு) விஷயம் சுலபம்: மிதக்கிறது, மலிவு.

அப்புறம் காட்டுக்கோழி இறகு. சால்மன் மீனுக்கான ஈக்களில் இரு பக்கமும் 'கன்னமாக' வைக்கிற, மெழுகு போன்ற பொட்டுள்ள அந்தக் கழுத்து இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையுடையது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை. இங்கே இங்கிலாந்தில் விற்பது பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஈ கட்டும் அரிய இறகுகளுக்காக 299 பறவைத் தோல்களைத் திருடியவரும் ஈ கட்டுபவர்தான். அந்த அளவு மரபுப் பித்து எனக்கு வேண்டாம், சாயம் போட்ட சாதாரண இறகே போதும்.

477-க்கு இன்னும் நெருக்கமான நூல் தெரிந்தால் சொல்லுங்கள். இங்கே கிரேலிங் பிடிக்கும் பருவம் மார்ச் 14 வரை இருக்கிறது.